காற்றின் மேல் உட்கார்ந்து கிருஷ்ணகிரிக்கு

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மோட்டார் சைக்கிள் சோதனை ஓட்டுநராக வேலை பார்க்கிற ஒரு பெண்ணைச் சென்ற ஆயுத பூஜையன்று சந்தித்தேன். கலைச்செல்வி என்று பெயர். பழைய சோதனை ஓட்டுநர்கள் என்று எங்களில் நாலைந்து பேரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அது முடிந்ததும் அவள் தன் வண்டியைக் காட்ட என்னை வெளியே அழைத்துப்போனாள். சீட்டின் மேல் கறுப்பு நிறத்தில் ஒரு காற்றுமெத்தை. விரலால் அழுத்திப் பார்த்தேன். அறை அறையாகப் பிரித்திருந்தார்கள்.

"இது இல்லன்னா நாள்பூரா குந்தவே முடியாது சார். உங்க காலத்துல இன்னா பண்ணீங்க?"

"எங்ககிட்டயும் இருந்துச்சும்மா" என்றேன்.

நம்பவில்லை. சிரித்தாள். "எழுதிக் குடுங்க சார், படிச்சிட்டு நம்பறேன்" என்றாள். அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் எத்திராஜ். ஊர் பிள்ளைப்பாக்கம். நெல்லும், நாங்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடும் குடும்பம். எனக்கு ஏர் பிடிக்க வரவில்லை, பம்ப்செட் என்ஜினைக் கழற்றி மாட்ட வந்தது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மெட்ராசில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொஞ்ச காலம் எண்ணெய்க் கையோடு வேலை பழகினேன். பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியில் சோதனைப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். எடுத்துக்கொண்டார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. கம்பெனி மெட்ராசில் இருந்தது. ஆனால் சோதனைப் பிரிவு இருந்தது எங்கள் ஊர்ப் பக்கம். சுங்குவார்சத்திரத்தைத் தாண்டி, பெங்களூர் ரோட்டின் ஓரத்தில் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். இன்றைக்கு அந்த ரோட்டில் கம்பெனிப் பேருந்து வரிசையாகப் போகிறது. அப்போது புளியமரமும் மாட்டு வண்டியும் லாரியும்தான்.

வேலை என்னவென்றால் ஓட்டுவது. காலையில் எடுத்து வேலூரைத் தாண்டிப் போய்ச் சாயங்காலம் திரும்புவது. சில நாள் கிருஷ்ணகிரி. சில நாள் பெங்களூருக்கே போய்த் தங்கிவிட்டு மறுநாள் வருவது. சங்கிலி எவ்வளவு தளர்கிறது, எங்கே எண்ணெய் கசிகிறது, எந்த நட்டு கழன்று விழுகிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். ஊரில் பொறாமைப்பட்டார்கள். சம்பளம் கொடுத்து ஊர் சுற்றச் சொல்கிறார்களே என்று. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால் தெரியும். ரோடு மோசம், சீட்டு அதைவிட மோசம். தேங்காய் நாரும் மெல்லிய ரப்பரும் வைத்து ரெக்சின் போர்த்திய பலகை. மத்தியானத்துக்குமேல் இடுப்புக்குக் கீழே நமக்கு உடம்பு இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்கவேண்டும்.

எங்கள் ஃபோர்மேன் தணிகாசலம். காஞ்சிபுரத்துக்காரர். பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டு போகிறவராக இருந்துவிட்டு வந்தவர். குள்ளமான ஆள், சட்டைக் கையை எப்போதும் முழுசாக இறக்கிப் பட்டன் போட்டிருப்பார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் வாயைத் திறக்கமாட்டார். அணைத்த பிறகுதான் பேச்சு. அவர் வைத்திருந்த ஒரு முறையை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

வண்டி ஆலைக் கொட்டகைக்குள் வந்து நின்றதும் நாங்கள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிச் சீட்டின் மேல் வைக்கவேண்டும். எதுவும் பேசக்கூடாது. கொட்டகையின் மறுகோடியில் தண்ணீர்ப்பானை இருந்தது. அதுவரைக்கும் நடந்துபோய், ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வரவேண்டும். அந்த நேரம் முழுக்க அவர் நம் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வந்ததும், "எங்க வலிக்குது?" என்பார். வண்டியைப் பற்றி அதற்கப்புறம்தான் கேட்பார்.

சேர்ந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக வந்தது. "சார், வண்டி நல்லா கீதான்னுதானே கேக்கணும்?" என்றேன்.

அவர் தன் இடது கையை நீட்டிக் காட்டினார். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் லேசாக மடங்கியே இருந்தன. "பட்டாளத்துல அதிர்ற ஹாண்டிலைப் பிடிச்சுப் பிடிச்சு செத்துப்போன விரல் இது. மரத்துப்போகுதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம். சொல்லல. ஆம்பளைன்னு நெனப்பு." சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். "வலி இல்லாதவன் கொண்டாற செய்தி எனக்கு வேணாம் எத்திராஜ். வண்டியில எது தப்புன்னு முதல்ல உன் உடம்புக்குத்தான் தெரியும்."

இருந்தும் எங்களில் யாரும் உண்மையைச் சொன்னதில்லை. முக்கியமாக மாசிலாமணி சொன்னதேயில்லை. எங்கள் பிரிவில் அவனைப்போல ஓட்ட ஆள் கிடையாது. இருங்காட்டுக்கோட்டைக்காரன், என் வயசுதான், என் சிநேகிதன். ஓட்டும்போது உடம்பில் ஓர் அசைவு இருக்காது. வண்டி மட்டும் அவனுக்குக் கீழே ஆடிக்கொண்டு போகும். "எங்க வலிக்குது?" என்று தணிகாசலம் கேட்டால், "எங்கியும் இல்ல சார்" என்பதுதான் அவன் பதில். அவர் அவன் காலைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

ஒருநாள் பெங்களூரிலிருந்து இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். மெட்ராசில் வண்டியை ஒப்படைக்கவேண்டியிருந்ததால் சுங்குவார்சத்திரத்தில் நிற்காமல் போனோம். இருங்காட்டுக்கோட்டை ஏரிக்கரையோரம் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே திரும்பியது. எனக்கு முன்னால் போன மாசிலாமணி சரியாகத்தான் பிரேக் பிடித்தான். வண்டியும் நின்றுவிட்டது. காலை ஊன்றினான். கால் நிற்கவில்லை. துணி மடிவதுபோல மடிந்தது. அப்படியே பின்பக்கமாகப் போய், ரோட்டோரம் நட்டிருந்த கல்லின் மேல் உட்கார்ந்த வாக்கில் விழுந்தான்.

ஓடிப்போய்த் தூக்கினேன். முகம் வெளுத்துவிட்டது. "காலே இல்லடா எத்திராஜ். வாலாஜாவுலயே போயிடுச்சி" என்றான்.

முதுகெலும்பு முடிகிற இடத்தில் இருக்கும் வால் எலும்பில் விரிசல். அதற்குக் கட்டுப் போடவும் முடியாது, மாவுக்கட்டு வைக்கவும் முடியாது. குப்புறப் படுத்துக் கிட என்றார் டாக்டர். கிடந்தான். எலும்பு சேர்ந்தது, நடை வந்தது, ஆனால் உட்காருவது மட்டும் வரவில்லை. நின்றபடியே சாப்பிட்டான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான். இனி வண்டி ஓட்டவேண்டாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். மெட்ராசிலிருந்து வந்த மேனேஜர் கெட்டவர் அல்ல. வேலையை விட்டு அனுப்பாமல் கேட்டில் காவலாளாகப் போடலாம் என்றார். "ரோட்ல ஏதாவது ஆயிடுச்சின்னா அவர் வீட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று தணிகாசலத்திடம் கேட்டார்.

நானும் தணிகாசலமும் மாசிலாமணியைப் பார்க்க வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி சரோஜா எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு வாசல்படியோரம் நின்றாள்.

"சார், இந்த ஆள எப்டியாவது வண்டியில ஏத்துங்க. குந்தறதும் இல்ல, படுக்கறதும் இல்ல. வூட்டுக்குள்ளயே ரோந்து சுத்திகினு கீறாரு. ரோட்ல வண்டிச் சத்தம் கேட்டா இன்னா வண்டி, எந்த கியர்ல போவுதுன்னு சொல்றாரு. எனக்கே கியர் எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சி."

மாசிலாமணி சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவன் பாய்க்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் வளையம் கிடந்தது. நடுவில் ஓட்டையாக, சிவப்பாக, வாயால் ஊதிக்கொள்கிற வளையம். அதன்மேல் மட்டும் கொஞ்ச நேரம் உட்காருவானாம்.

தணிகாசலம் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுமேல குந்துனா எங்க வலிக்குது?"

"எங்கியும் இல்..." என்று ஆரம்பித்த மாசிலாமணி நிறுத்திக்கொண்டான். "கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரில சார். அப்பால வலது பக்கம் ஊசி குத்தற மாதிரி ஆரம்பிக்குது."

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தணிகாசலம் வளையத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தார். "நாளைக்குக் கொட்டகைக்கு வா" என்றார்.

வளையத்தை அப்படியே சீட்டின் மேல் வைத்துக் கயிற்றால் கட்டினோம். முதலில் ஓட்டிப் பார்த்தது நான். அடடா, நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! பள்ளத்தில் இறங்கினால் காற்று என்னைத் தூக்கி எறிந்தது. பிரேக் பிடித்தால் வளையம் வழுக்கிப் பெட்ரோல் டாங்கோடு போய் முட்டியது. திருப்பத்தில் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டியே சாய்கிறாற்போலப் பயம் காட்டியது. போதாக்குறைக்கு உயரம் கூடிப்போய்க் கால் கட்டைவிரல் மட்டும்தான் தரையைத் தொட்டது. நான் இறங்கித் தண்ணீர்ப்பானைக்கு நடந்தபோது கொட்டகையே சிரித்தது. தணிகாசலமும்.

சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே குப்பம்மா அக்கா பஞ்சர் கடை வைத்திருந்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கிற நாள் குறைவு. கடை அவளுடையதுதான். கிழிந்த டியூபைச் சூட்டில் அழுத்தி ஒட்டுவதில் அந்த ரோட்டில் அவளுக்குப் பெயர் இருந்தது. நானும் மாசிலாமணியும் வளையத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனோம். விஷயத்தைச் சொன்னோம்.

"இத்த இன்னாத்துக்கு இப்டி ஊதி வெச்சிகீறீங்க? பந்து மாதிரி கீது. எகிறாம இன்னா பண்ணும்?" என்றாள். "காத்து பாதிதான் இருக்கணும் தம்பி. எலும்பு கீழ பலகையில இடிக்கக்கூடாது. அவ்ளோதான் வேணும்."

"பாதியா வெச்சா ஒரு பக்கமா ஓடுதே அக்கா" என்றேன்.

"ஓடாத மாதிரி தடுத்துடலாம்" என்றான் மாசிலாமணி. நின்றபடியே கடைப் பலகையில் சாக்கட்டியால் கோடு போட்டான். இடது தொடைக்கு ஒரு பை, வலது தொடைக்கு ஒரு பை, தனித்தனியாக. இரண்டுக்கும் நடுவில், பின்பக்கம், வால் எலும்பு படுகிற இடத்தில் ஒன்றுமே இல்லாமல் பள்ளம். குப்பம்மா அக்கா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பழைய கார் டியூப் ஒன்றை எடுத்து வந்தாள். பேச்சு நின்று வேலை ஆரம்பித்தது.

பல நாள் பிடித்தது. ஒட்டிய ஓரம் விட்டுக்கொண்டது. மடிப்பு தொடையில் உறுத்தியது. கடைசியில் இரண்டு பைகளுக்கும் தனித்தனியாகச் சைக்கிள் வால்வு வைத்தாள். காற்றை வேண்டிய அளவுக்கு இறக்கிக்கொள்ள அதுதான் வசதி. வழுக்காமலிருக்க முரட்டுக் கான்வாஸில் உறை தைத்து, சீட்டுக்கு அடியில் இரண்டு வார் கொடுத்து இறுக்கினோம். காலையில் நிரப்பிய காற்று வெயில் ஏறினால் உப்பிக்கொள்ளும் என்பதையும், வழியில் கொஞ்சம் இறக்கிவிடவேண்டும் என்பதையும் நான் ஓட்டித்தான் கண்டுபிடித்தேன். அதில் உட்கார்ந்து பாலுசெட்டிசத்திரம் வரைக்கும் போய் வந்த அன்றைக்கு, பானைக்கு நடக்கும்போது என் கால் என்னுடையதாகவே இருந்தது.

மாசிலாமணி முதலில் கொட்டகை வாசலிலேயே, என்ஜின் ஓடாத வண்டியில் உட்கார்ந்து பழகினான். பிறகு ஸ்ரீபெரும்புதூர் வரை. பிறகு காஞ்சிபுரம் திருப்பம் வரை. ஒவ்வொரு நாளும் பானை வரைக்கும் நடை, "எங்க வலிக்குது?" என்ற கேள்வி. அவனும் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தான்.

கடைசியில் டாக்டர், ஃபோர்மேன் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் தனக்கு மறுப்பில்லை என்றார். மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கிருஷ்ணகிரி வரை போய்த் திரும்பட்டும், பிறகு பார்ப்போம். அவனுக்குப் பின்னால் இன்னொரு வண்டியில் நான் போகவேண்டும் என்றார் தணிகாசலம். "நீ ஒண்ணும் சொல்லாத. அவனா நிப்பாட்டுனா நில்லு, அவனா கெளம்புனா கெளம்பு."

விடிந்ததும் கிளம்பினோம். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். ஓச்சேரி, காவேரிப்பாக்கம், வாலாஜா. பழைய மாசிலாமணிதான். உடம்பில் அசைவு இல்லை. வாலாஜாவில் நிறுத்தி, இறங்கி நடந்து, இரண்டு பைகளிலும் கொஞ்சம் காற்றை இறக்கினான். டீ குடித்தோம். "மேகத்துல குந்திகினு போற மாதிரி கீதுடா" என்றான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. லாரிப் புகை என்று துடைத்துக்கொண்டேன்.

வேலூரைத் தாண்டினோம். வெயில் ஏறிவிட்டது. பள்ளிகொண்டாவுக்கு முன்னால் அவன் தோள் லேசாக இடது பக்கம் சாய்வதைப் பார்த்தேன். முதலில் திருப்பத்துக்காகச் சாய்கிறான் என்று நினைத்தேன். ரோடு நேராக இருந்தது. தோள் நிமிரவில்லை. இடது பையில் காற்று போய்க்கொண்டிருந்தது. வால்வுக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சூட்டில் இளகி வாய் பிளந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அவன் வண்டியை ஒதுக்கி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான். இறங்கி, யாரும் சொல்லாமலே நாலைந்து மரம் தள்ளி நடந்துபோய்த் திரும்பி வந்தான். வலது காலை இழுக்கிறாற்போலத் தெரிந்தது. பக்கத்தில் சைக்கிள் கடை இருந்தது. வால்வு ரப்பர் வாங்கி மாட்டி, பம்ப் கேட்டு வாங்கிக் காற்றடித்தேன். பை காற்றைப் பிடித்து நின்றது. அவன் ஏறி உட்கார்ந்தான். ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தான். கிக்கர் மேல் கால் இருந்தது. உதைக்கவில்லை.

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஆம்பூர். அதைத் தாண்டினால் வாணியம்பாடி, அப்புறம் கிருஷ்ணகிரி. திரும்பிப் போனால் கேட்டில் ஒரு ஸ்டூல், அதிலும் அவனால் உட்கார முடியாது. ஒன்றும் சொல்லாதே என்று சொல்லியிருந்தார் தணிகாசலம். பம்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து நின்றேன்.

மாசிலாமணி காலை எடுத்தான். இறங்கினான்.

"இன்னிக்கி இதோட போதும்டா" என்றான். "சாஞ்சி குந்துனதுல எலும்பு இடிச்சிடுச்சி. பழைய நோவு இருந்த வலது கால் பாதி மரத்துப்போச்சி. இப்ப ஓட்டலாம், ஓட்டிடுவேன். எதிர்ல எவனாவது வந்தா காலு நிக்குமான்னு தெரில."

அவன் குரல் உடைந்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

மெட்ராசுக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு போன லாரியை மறித்து வண்டியை ஏற்றினோம். மூட்டைகளின் மேல் அவன் குப்புறப் படுத்துக்கொண்டான். நான் பின்னாலேயே ஓட்டி வந்தேன். பாதி வழியில் பார்த்தால் மூட்டைச் சந்தில் கைவிட்டு மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருக்கிறான். என்னைப் பார்த்து ஒரு பிடி வீசினான்.

கொட்டகை வாசலில் லாரி நின்றபோது தணிகாசலத்தோடு மேனேஜரும் இருந்தார். லாரியிலிருந்து வண்டி இறங்கியதைப் பார்த்ததும் மேனேஜர் முகம் வாடிவிட்டது. மாசிலாமணி யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைச் சீட்டின் மேல் வைத்தான். பானை வரைக்கும் நடந்தான். தண்ணீர் குடித்தான். திரும்பி வந்தான்.

"எங்க வலிக்குது?"

சொன்னான். எந்த இடத்தில் ஆரம்பித்தது, காற்று போனபின் எலும்பின் எந்தப் பக்கம் இடித்தது, காலில் மரப்பு எங்கிருந்து எங்கே இறங்கியது, காற்றடித்த பிறகு எது போயிற்று, எது போகவில்லை என்று எல்லாம் சொன்னான். நானும் உடன் போனவன்தான், அதில் பாதி எனக்குத் தெரியாது. தணிகாசலம் அவன் கால்களைப் பார்த்தபடியே கடைசி வரை கேட்டார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"நான் கையெழுத்துப் போடறேன் சார்."

"கிருஷ்ணகிரி போகலையே தணிகாசலம்."

"போகல சார். போக முடியாதுன்னு தெரிஞ்ச எடத்துல நின்னுட்டான். ஏரிக்கரையில விழுந்த அன்னிக்கு இவனுக்கு அது தெரியல. இந்த ஆளுக்கு நான் பொறுப்பு ஏத்துக்கறேன்."

மேனேஜர் மெத்தையை அழுத்திப் பார்த்தார். மாசிலாமணியைப் பார்த்தார். "வால்வுக்கு வேற ஏதாவது பண்ணுங்க. வெயிலுக்குத் தாங்கற மாதிரி" என்றார். சம்மதம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. அந்தப் பேச்சே சம்மதம் என்று எங்களுக்கு விளங்கியது. சரோஜாவுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். "அப்போ இனிமே வூட்ல கியர் சத்தம் கேக்காது" என்றவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

குப்பம்மா அக்கா வால்வைச் சீட்டின் விளிம்புக்கு வெளியே, காற்றுப் படுகிற பக்கம் மாற்றி வைத்தாள். மாற்று ரப்பரைத் தகர டப்பாவில் போட்டு எடுத்துப் போவது வழக்கமாயிற்று. அந்த மழைக்காலத்துக்குள் எங்கள் பிரிவில் எல்லா வண்டியிலும் காற்றுமெத்தை ஏறிவிட்டது. வலியைச் சொல்வதும் எங்களுக்குள் வெட்கமில்லாத காரியமாகிவிட்டது. வடிவமைப்பு ஆட்கள் மெட்ராசிலிருந்து வந்து எங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த மாடலில் சீட்டு அகலமாகவும் பின்பக்கம் பள்ளம் விட்டும் வந்தது. குப்பம்மா அக்கா தன் புருஷனின் லாரிக்கு ஒன்று செய்து கொடுத்தாள். அதைப் பார்த்து மற்ற டிரைவர்களும் கடையில் வந்து நின்றார்கள்.

பொங்கல் கழிந்து மாசிலாமணியும் நானும் மறுபடி கிளம்பினோம். இந்தத் தடவை பெங்களூர். கிருஷ்ணகிரியில் அவன் நிறுத்தியது சாப்பாட்டுக்கு மட்டும்தான். ஓசூர் தாண்டிக் குளிர்காற்று முகத்தில் அடித்தபோது, ஓட்டிக்கொண்டே ஏதோ கத்தினான். பாட்டோ கூச்சலோ, என்ஜின் சத்தத்தில் தெரியவில்லை. பெங்களூர் லாட்ஜில் அவன் குப்புறப் படுத்துத் தூங்கிப்போனான். "வலிக்குதாடா?" என்று நான் கேட்டதற்கு, "வலிக்குது. இடுப்புக்குக் கீழ, வலது பக்கம். தூங்குனா போயிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கினான்.

காலையில் நான் கண் விழித்தபோது படுக்கை காலி. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கீழே தெருவில் பனி விலகவில்லை. மாசிலாமணி வண்டியைத் துடைத்து முடித்து, மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்து, இடது வால்வில் கொஞ்சம் காற்றை இறக்கிக்கொண்டிருந்தான். என் தலையைப் பார்த்ததும் கையை ஆட்டினான்.

"இன்னாடா இன்னும் பல்லு வெளக்கல? வெயிலு ஏறிடும், இறங்கி வா!"

நான் அவசரமாகக் கிளம்பிக் கீழே வருவதற்குள் அவன் என்ஜினைக் கிளப்பிவிட்டான். ஓசூர் ரோட்டில் அவனைப் பிடிக்க முயன்றேன். சுங்குவார்சத்திரம் வரைக்கும் முடியவில்லை.